பாட்டியின் பொத்தான்

என் பாட்டியின் சுருக்குப் பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும்: கொட்டைப் பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு பித்தளைப் பொத்தான். சில்லறைக் காசும் இருக்கும். ஆனால் அது வருவதும் போவதுமாக இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.

பொத்தான் பழைய நாலணா அகலம் இருக்கும். நடுவில் 73 என்று எண். எண்ணைச் சுற்றி ஏதோ எழுத்துக்கள் இருந்து மழுங்கிப் போன தடம். மழுங்கியதற்குக் காலத்தைக் குற்றம் சொல்ல முடியாது; பாட்டிதான் காரணம். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு அந்தப் பொத்தானையும் புளி போட்டுத் துலக்கிவிடுவாள். விளக்குக்கும் அதற்கும் அவள் வித்தியாசம் பார்த்ததில்லை.

"இது என்னா பாட்டி?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஒங்க தாத்தா சட்டைப் பொத்தான்டா ராசா. பரங்கிப்பேட்டையில ஐதரலியோட சண்டை போட்டவரு ஒங்க தாத்தா."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பட்டாளத்துக்காரர், பென்ஷன் வாங்கினவர் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கிராமம் புவனகிரிப் பக்கம். பரங்கிப்பேட்டை கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் மாட்டு வண்டி தூரந்தான். ஆகையால் தாத்தா அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு இராச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பார் என்று நான் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் இரண்டாம் மைசூர் யுத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பரங்கிப்பேட்டை என்ற பெயர் காதில் விழுந்ததுமே நான் எழுந்துவிட்டேன்.

"சார், எங்க தாத்தா அந்தச் சண்டையிலே இருந்தார்."

வாத்தியார் கதர் உடுத்துகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

"சரி, அது போகட்டும். அந்தச் சண்டை நடந்தது 1781. இப்போது 1954. உங்கள் தாத்தாவுக்கு வயசு என்ன, கணக்குப் போடு பார்ப்போம்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த வருஷம் பூராவும் எனக்கு 'ஐதரலி' என்று பெயர்.

வீட்டுக்கு வந்து பாட்டியைக் குறுக்கு விசாரணை செய்தேன். எந்தப் பக்கம் என்பதற்கு அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "சம்பளம் குடுத்தவன் பக்கம்" என்றாள். வருஷக் கணக்கைச் சொன்னேன். அதற்குப் பதில் சொல்வது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தாள் போலிருக்கிறது. "ஒங்க வாத்தியாரா பட்டாளத்துக்குப் போனாரு? ஒங்க தாத்தா போனாரா?" என்று கேட்டுவிட்டுப் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

பாட்டி பொய் சொல்கிறாள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாத்தியாரின் கூட்டல் கழித்தலிலும் தப்பு இல்லை. ஆகவே நானே ஒரு சமரசம் செய்துகொண்டேன். சண்டை போட்டவர் தாத்தா இல்லை, தாத்தாவுக்குத் தாத்தா. பொத்தான் பரம்பரைச் சொத்து. பாட்டிக்கு ஞாபகம் பிசகிவிட்டது, அவ்வளவுதான். கதையில் முதல் திருத்தம் செய்தவன் பாட்டி அல்ல, நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாவது திருத்தம் இன்னும் மோசமானது. அதை அச்சிலேயே செய்தேன். நாலைந்து நாவல்கள் வெளிவந்து, என்னையும் ஒரு எழுத்தாளன் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கிய காலம். ஒரு புத்தகத்தில், பரங்கிப்பேட்டைச் சண்டையில் இங்கிலீஷ்காரர் பக்கம் 73-ஆம் ரெஜிமெண்டு இருந்தது என்று படித்தேன். ஸ்காட்லாந்தின் மலைநாட்டார்கள் அடங்கிய படை அது. மக்ளவுட் பிரபு திரட்டியது. 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. 73! பாட்டியின் பொத்தானில் இருக்கும் எண்!

அப்புறம் கேட்க வேண்டுமா? ஸ்காட்லாந்துப் படையில் நம் ஊர்க்காரர் எப்படி இருந்திருப்பார் என்ற சிறு இடைஞ்சலைக் கற்பனை நொடியில் தீர்த்துவைத்தது. முப்பாட்டனார் கம்பெனியின் கறுப்புச் சிப்பாய். அவர் பக்கத்தில் குண்டடிபட்டு விழுந்த வெள்ளைச் சிப்பாய் ஒருவன் தண்ணீர் கேட்கிறான். இவர் கொடுக்கிறார். அவன் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து இவர் கையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறான். இதையெல்லாம் ஒரு பத்திரிகையில், நடந்த சம்பவமாகவே எழுதிவிட்டேன். கண்ணீர் விட்டதாகப் பல பேர் கடிதம் எழுதினார்கள்.

ஒரு கார்டு மட்டும் வேறு விதமாக இருந்தது. பரங்கிப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு மரைக்காயர் எழுதியிருந்தார். "தங்கள் கட்டுரை படித்தேன். பொத்தானைப் பார்க்க ஆசை. இந்தப் பக்கம் வந்தால் எடுத்து வரவும்." அவ்வளவுதான். கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சிதம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போனேன். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஊர். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்து கப்பல் கட்டியதால் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம்; நம் ஜனங்களுக்கு வந்தவன் பரங்கி, ஆகையால் பரங்கிப்பேட்டை; முஸ்லிம்களுக்கு மஹ்மூது பந்தர். மூன்று பெயர் வைத்துக்கொண்டு எந்தப் பெருமையும் பாராட்டாமல் மீன் விற்றுக்கொண்டிருக்கும் ஊர். 1830-இல் ஹீத் என்ற துரை சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து இங்கே இரும்புக் காய்ச்சும் ஆலை வைத்தார். இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பினார். அதுவும் நின்று போயிற்று. பஸ்ஸில் போகும்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. பொத்தான் என்ற சொல்லே பரங்கியர் கொடுத்ததுதான். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரியோடு அதுவும் வந்தது. அதற்கு முன்பு நாம் எதையும் முடிச்சுப் போட்டுத்தான் கட்டினோம்.

மரைக்காயருக்கு அறுபது வயது இருக்கும். "வாங்க, உட்காருங்க. முதல்ல டீ குடிங்க" என்றார். டீ வரும் வரையில் பொத்தானைப் பற்றிப் பேசவில்லை. குடித்த பிறகு கையை நீட்டினார்.

உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை எடை பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து இன்னொரு பொத்தானை எடுத்து என் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தார். சாம்பல் நிறம், முரட்டு வார்ப்பு, பின்னால் காது ஒடிந்திருந்தது.

"இது மணல்ல கெடைச்சது. வெள்ளீயம் கலந்து வார்த்தது. அந்தக் காலத்துச் சோல்ஜர் பொத்தான் இப்படித்தான் இருக்கும். உங்களுது பித்தளை. அதுவும் வார்ப்பு இல்ல, அச்சில அடிச்சது. முன்னால ஒரு தகடு, பின்னால ஒரு தகடு, ரெண்டையும் மடிச்சுச் சேர்த்திருக்கான். பின்னால பாருங்க, கம்பெனிக்காரன் பேரு இருக்கு."

பார்த்தேன். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கும் பொருளின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பாட்டி பின்பக்கத்துக்குப் புளி போடுவதில்லை. ஆகையால் அந்தப் பொடி எழுத்துக்கள் தெளிவாகவே இருந்தன. லண்டன் என்று கூடப் படிக்க முடிந்தது.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. நூறு வருஷம் இருக்காது இதுக்கு" என்றார் மரைக்காயர். சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுவேனோ என்று, தன் பொத்தானை என் பக்கம் நகர்த்தினார். "வேணும்னா இத எடுத்துக்குங்க. இது உங்க கதைக்குச் சரியா இருக்கும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் அவரே தம் மருமகப் பிள்ளையைத் துணைக்கு அனுப்பி ஊருக்கு வடக்கே மணல்மேட்டுப் பக்கம் பார்த்துவரச் சொன்னார். சண்டை நடந்த கதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1781 ஜூன் 18-இல் சர் அயர் கூட் சிதம்பரத்தைத் தாக்கினார். தாக்கியது எதை என்று நினைக்கிறீர்கள்? நடராஜர் கோவிலை. ஐதரின் ஆட்கள் அதைக் கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மதில் தாங்கிவிட்டது. கூட் அடிபட்டுப் பின்வாங்கினார். பரங்கிப்பேட்டையில் கடலை ஒட்டித் தங்கினார். ஜூலை 1 காலையில் கடலூரை நோக்கிப் புறப்பட்டபோது ஐதர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கூட்டிடம் இருந்தவர்கள் எண்ணாயிரத்துச் சொச்சம். ஐதரின் சேனை அதைப் போலப் பல மடங்கு. ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கடல், கடலிலிருந்து இங்கிலீஷ்காரனின் கப்பல் பீரங்கி. பிற்பகலில் ஐதர் விலகிப் போனார். கூட்டின் படையில் பெரும்பாலோர் நம்முடைய ஆட்கள். சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேலே நிற்கும் சல்லடம், தலையில் பாகை. எதிர்ப் பக்கத்திலும் நம்முடைய ஆட்களே என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் போனபோது அங்கே சவுக்கும் தாழம் புதரும் இருந்தன. காற்று பலமாக அடித்தது. என் முப்பாட்டனாருக்காக எந்த வெள்ளைச் சிப்பாயும் அங்கே சாகவில்லை என்று நினைத்தபோது அந்த இடமே என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும், தெரிந்தவர் மூலம் ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் மேஜரைத் தேடிப் போனேன். அவர் பொத்தானைப் பார்த்த மாத்திரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கே கிடைத்தது இது? எழுபத்து மூன்றாவது கர்நாடிக் இன்பன்ட்ரி!"

அவர் சொன்னதையும் அப்புறம் கன்னிமாரா நூல் நிலையத்தில் நான் புரட்டியதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பொத்தான் எண்கள் பெரிய வம்பு. பிரிட்டிஷ் படையில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் எண்ணைப் பொத்தானில் பொறித்துக்கொள்ள வேண்டும் என்று 1767-இல் ஆணை வந்தது. அதிகாரிக்கு வெள்ளியோ தங்க முலாமோ. சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை. 1855 வாக்கில்தான் அவர்களுக்குப் பித்தளை வந்தது. பரங்கிப்பேட்டையில் இருந்த மக்ளவுட் படைக்கு 1786-இல் எண்ணை மாற்றி 71 ஆக்கினார்கள். காலியான 73-ஐத் தூக்கி இன்னொரு ஸ்காட்லாந்துப் படைக்குக் கொடுத்தார்கள். கண்டி அரசை 1815-இல் முடித்துவைத்த படைகளில் இந்த இரண்டாம் 73-உம் உண்டு. 1881-இல் அதுவும் எண்ணை இழந்தது. இது இரண்டும் வெள்ளைக்காரப் படை.

நம் சென்னைப் படையின் எண் வரிசை வேறு. 1781-இல் அதில் 73 வரைக்கும் பட்டாளமே கிடையாது! எப்போது வந்தது என்றால், 1903-இல். தளபதி கிச்சனர் துரை, வங்காளம், பம்பாய், சென்னை என்று தனித்தனியாக இருந்த எண்களை ஒரே வரிசையாக்கினார். சென்னைக் காலாட்படைகளின் எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். பதின்மூன்றாம் சென்னைப் படை எழுபத்து மூன்றாம் கர்நாடகப் படை ஆயிற்று. 1922-இல் மறுபடியும் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, அதை மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் ஆக்கினார்கள். ஆக, பாட்டியின் பொத்தானுக்கு ஆயுள் 1903 முதல் 1922 வரை. தாத்தா சேவகம் செய்த காலத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. பரம்பரைச் சொத்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாட்டி சொன்னபடி, தாத்தாவின் சட்டைப் பொத்தான்தான்.

அப்படியானால் ஐதரலி?

சுபேதார் மேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "அந்தப் பதின்மூன்றாம் படை எப்போது எழுப்பியது தெரியுமா? 1776. ஐதர் கணவாய் இறங்கி வந்தது 1780-இல். பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதெல்லாம் சொல்லித் தந்துவிடுவார்கள். நானும் சொல்வேன், 'நாங்கள் சோளிங்கரில் சண்டை போட்டோம்' என்று. நான் பிறந்தது எப்போது, சோளிங்கர் எப்போது? ஆனால் பட்டாளத்தில் 'நாங்கள்' என்றால் அப்படித்தான்."

எனக்கு விளங்கிவிட்டது. தாத்தா விடுமுறையில் வந்து, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, சின்ன வயசு மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "நாங்க ஐதரலியோட மோதினோம்." கேட்டவள் அந்த 'நாங்க'வில் தன் புருஷனைத் தவிர வேறு யாரைப் பார்ப்பாள்? அவர் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. நடுவில் புகுந்து வெள்ளைச் சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

இந்த 'நாங்க' எவ்வளவு பொல்லாதது என்பதை வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றில் பார்த்தேன். ஐந்து பெரிய தொகுதிகள். வேலூர்க் கலகம் எல்லோருக்கும் தெரியும். தோல் சேர்ந்த புதுத் தலைப்பாகையை வைத்துக்கொள், தாடியை எடு, அணிவகுப்பில் நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உடுப்பிலே ஆரம்பித்து, 1806 ஜூலை 10 விடியற்காலையில் துப்பாக்கியிலே முடிந்தது. அதற்கப்புறம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கலகம் செய்த பட்டாளங்களைக் கலைத்தார்கள். 1, 23 என்ற எண்களையே படைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். எஞ்சியவர்களுக்கு 24, 25 என்று வேறு எண், வேறு நிறக் கழுத்துப் பட்டை. முதல் எண்ணாக இருந்தவர்கள் வரிசையின் வாலுக்குப் போனார்கள்.

பதினொரு வருஷம் கழித்து, 1817 நவம்பரில், நாகபுரிக்குப் பக்கத்தில் சீதாபல்டி என்ற குன்றில் அந்த 24-ஆம் படை மாட்டிக்கொண்டது. மொத்தமே ஆயிரத்தைந்நூறுக்கும் குறைவானவர்கள். எதிரே போன்ஸ்லேயின் பெரும் சேனை. இரவும் பகலுமாகச் சண்டை. நின்று ஜெயித்தார்கள். என்ன வேண்டும் உங்களுக்கு என்று வந்தபோது அவர்கள் கேட்டது பணம் அல்ல, நிலம் அல்ல. தங்களுடைய பழைய எண்ணையும் பழைய நிறத்தையும் திருப்பித் தரச் சொன்னார்கள். கிடைத்தது. மறுபடியும் ஒன்றாம் படை ஆனார்கள்.

யாருக்காக, யாரோடு சண்டை போட்டார்கள் என்று என் கதர் வாத்தியார் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். மராத்தியனைத் தமிழன் அடித்து, வெள்ளைக்காரன் கொடியை ஏற்றிய சண்டை அது. அதில் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. நூல் நிலையத்தில் விளக்கை அணைக்க வந்த சிப்பந்தி இரண்டு தடவை கனைத்தார்.

எழுந்திருக்க முடியாததற்குக் காரணம், பாட்டி எப்போதோ சொன்ன ஒரு சமாசாரம். அப்போது நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தாத்தா மாசா மாசம் சிதம்பரம் கஜானாவுக்குப் பென்ஷன் வாங்கப் போவார். ஒரு தடவை போய்விட்டுச் சாயங்காலம் வந்தவர், வழக்கமாக வாங்கி வரும் அல்வாப் பொட்டலம் இல்லாமல் வந்தாராம்.

"என்னாங்க, பென்ஷன் குடுக்கலியான்னு கேட்டேன். குடுத்துட்டான்னாரு. பின்ன என்னான்னேன். 'எங்க நம்பரு போச்சு'ன்னாரு. நம்பரு போனா போவுது, பணம் கொறைக்கலியேன்னேன். அதுக்கு ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல ராசா. சோறு எடுத்து வச்சா, சாப்புட்டுட்டு எழுந்து போயிடுவாரு."

அப்புறம் மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த இந்தப் பொத்தானை எடுத்து அவள் கையில் கொடுத்தாராம். உடுப்பு, பெல்ட்டு, பூட்ஸ் எல்லாவற்றையும் சேவகம் முடிந்த அன்றே கணக்கு ஒப்பித்துவிட்டு வந்தவர். இந்த ஒன்றை மட்டும் எப்படிக் கொண்டுவந்தார் என்று பாட்டிக்குத் தெரியாது. "அறுந்து போச்சுன்னு சொல்லியிருப்பாரு" என்பாள். பட்டாளத்தில் பொத்தான் துலக்குவதற்கென்று நடுவில் பிளவு உள்ள ஒரு தகடு உண்டு. பொத்தானை அதில் கோத்துக்கொண்டால் பாலிஷ் சட்டைத் துணியில் படாது. அந்த வித்தையைத் தாத்தா அபிநயம் பிடித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி எனக்கு அபிநயம் பிடித்துக் காட்டினாள். சட்டை இல்லாத பொத்தானுக்குத் தகடு எதற்கு? அவள் புளியை எடுத்துக்கொண்டாள்.

அந்த மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டும் 1928-க்குள் சிக்கனத்தை உத்தேசித்துக் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டபோது மறுபடியும் திரட்டினார்கள். அதற்குள் தாத்தா போய்விட்டார்.

பத்திரிகையில் எழுதிய தண்ணீர்க் கதைக்கு நான் மறுப்பு எழுதவில்லை. வெட்கம் ஒரு காரணம். பத்திரிகை அதற்குள் நின்றுபோனது இன்னொரு காரணம். மரைக்காயருக்கு மட்டும் நீளமாக ஒரு கடிதம் போட்டேன். கிச்சனர், அறுபதைக் கூட்டியது, சீதாபல்டி எல்லாம் விவரமாக எழுதினேன். பத்து நாளில் கார்டு வந்தது. "எல்லாம் விளங்கியது. பொத்தானுக்கு இனிப் புளி போட வேண்டாம். மூன்று ஏற்கெனவே எட்டு மாதிரி இருக்கிறது."